பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நின்றுவிடும் சைக்கிளை முதன்முதலில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில்தான் ஓட்டினேன். ஹேண்டில்பாரில் ஒரே ஒரு பிரேக், அது முன்சக்கரத்துக்கு. பின்சக்கரத்துக்கான பிரேக் அச்சுக்குள்ளேயே இருக்கிறது. பெடலை எதிர்த்திசையில் அழுத்தினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

2023 ஆகஸ்டில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க அங்கே போயிருந்தேன். வந்த மூன்றாம் நாள், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஸ்பெயின் மாணவி ஒருத்தியிடம் 700 குரோனருக்கு வாங்கிய சைக்கிள் அது. கறுப்பு நிறம், கேரியரில் துரு, பின்சக்கரத்தில் வளையப் பூட்டு. பூட்டினால்தான் சாவி கையோடு வரும், திறந்திருக்கும்போது பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். விளக்குக்கு பேட்டரி கிடையாது. சக்கரக் கம்பியில் இரண்டு காந்தங்கள் கட்டியிருந்தன. சக்கரம் சுற்றும்போது அவை விளக்கைத் தாண்டித் தாண்டிப் போக, விளக்கு விட்டு விட்டு எரியும். எங்கள் தாத்தா சைக்கிளில் டயரோடு உரசி உரசி எரிந்த டைனமோவின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். உரசல் இல்லை, அதனால் மிதிக்கக் கனம் இல்லை.

சிக்னலில் நின்று கிளம்பும்போது பெடலை ஒரு சுற்றுப் பின்னால் சுற்றி, வலது காலுக்கு வாகாக மேலே கொண்டுவருவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகவே கால் செய்யும். இந்தச் சைக்கிளில் அது நடக்காது. பச்சை விழுந்ததும் பெடலைப் பின்னால் தள்ளுவேன், வண்டி பிடிவாதமாக நிற்கும், பின்னால் பத்துப் பேர் மணியடிக்காமல் காத்திருப்பார்கள். நிற்கும்போதே பெடலை மேலே வைத்து நிற்க வேண்டும் என்று பிடிபட ஒரு வாரம் ஆனது.

விழுந்தது அதற்கும் முன்னால், சைக்கிள் வாங்கிய இரண்டாம் நாள். அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். இடது பக்கம் திரும்புவதுதான் பெரிய திருப்பம். நம் ஊரில் செய்வதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு ஒதுங்கித் திரும்பப் பார்த்தேன். பின்னால் வேகமாக வந்தவர் பிரேக் அடித்து விலக, நான் பயந்து நடைபாதை விளிம்பில் மோதி விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ஜீன்ஸில் ரத்தம். அவர் இறங்கி வந்தார், வண்டியைத் தூக்கி நிறுத்தினார், கோணிப்போன ஹேண்டிலை முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்து நேராக்கினார். அப்புறம் ஒரு கண்டிப்பான வாத்தியார்போல விளக்கினார்: இடது பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் நேராகச் சந்திப்பைக் கடந்து எதிர்முனைக்குப் போ. அங்கே ஓரமாக நில். அந்தப் பக்கத்துப் பச்சை விழுந்ததும் போ. நிற்கப்போகிறாய் என்றால் கையைத் தூக்கிக் காட்டு, திரும்பப்போகிறாய் என்றால் கையை நீட்டு. சொல்லி முடித்ததும் என்னை ஒருமுறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. சாலையில் விழுந்த பெண்ணிடம் ஒருவர் இவ்வளவு நேரம் நின்று பேசுவதற்கு நான் பழகியிருக்கவில்லை.

நான் பொறையார்க்காரி. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். அந்தச் சைக்கிள் வந்தபிறகுதான் யாரையும் கேட்காமல் கடற்கரை வரை போகலாம் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் உடம்பு தானாகக் குறுகும். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் தவறு என்னுடையது. கல்லூரிக்கு மெட்ராஸ் போனதும் சைக்கிளை விட்டுவிட்டேன். ஸ்கூட்டி வந்தது, சைக்கிள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது என்றாகிவிட்டது.

செப்டம்பர் கடைசி வாரம் கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்க்க ஒரு சனி, ஞாயிறு முழுதாகக் கிடைத்தது. வகுப்புத் தோழர்கள் ரயிலேறி ஸ்வீடன் போனார்கள். நான் சைக்கிளை எடுத்தேன்.

விடுதி இருந்தது நோரெப்ரோவில். பக்கத்திலேயே அசிஸ்டன்ஸ் கல்லறைத் தோட்டம். நடுவே நெட்டிலிங்கம்போல ஓங்கி வளர்ந்த பாப்லர் மரங்கள் இரண்டு வரிசை, அந்தப் பாதையில் சைக்கிளில் போகலாம். மற்ற இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், தத்துவவாதி கீர்க்ககார்ட், இயற்பியலாளர் நீல்ஸ் போர் மூவரும் இங்கேதான் இருக்கிறார்கள். நீல்ஸ் போர் குடும்பக் கல்லறைத் தூணின் உச்சியில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துப் புல்வெளியில் ஒரு தாய் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள், ஒருவர் வெயிலில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். சுடுகாட்டுப் பக்கம் போனால் குளித்துவிட்டு வீட்டுக்குள் வா என்று வளர்ந்தவள் நான். ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன், பயமே இல்லை.

அங்கிருந்து நோரெப்ரோ பெருஞ்சாலை வழியாக ஊருக்குள். வார நாட்களில் இந்தச் சாலையில்தான் வகுப்புக்குப் போவேன். காலையில் சிக்னல்களைச் சைக்கிளின் வேகத்துக்குக் கோத்து வைத்திருக்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் மிதித்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விழும், எங்கும் கால் ஊன்ற வேண்டியதில்லை. பச்சை அலை என்று பெயர். மாலையில் வீடு திரும்பும் திசைக்கு அலையும் திரும்பிவிடும். சைக்கிளுக்கான பாதை சாலையைவிட ஒரு படி உயரம், நடைபாதையைவிட ஒரு படி தாழ்வு. அந்தப் படி நாலு விரல் உயரம்கூட இருக்காது. ஆனாலும் காரும் ஏறாது, நடப்பவரும் இறங்க மாட்டார். சில சந்திப்புகளில் கால் வைத்துக்கொள்ள ஒரு கம்பி நட்டிருக்கிறார்கள். அதில் டேனிஷில், வணக்கம் சைக்கிள்காரரே, இங்கே காலை வைத்து இளைப்பாறுங்கள், ஊருக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கு நன்றி என்று எழுதியிருக்கும். அதை மொழிபெயர்ப்புச் செயலியில் படித்த அன்று, அந்தக் கம்பியில் கால் வைத்து ஒரு பச்சையை வேண்டுமென்றே போகவிட்டேன்.

சாலை லூயீஸ் அரசி பாலத்தில் ஏரிகளைத் தாண்டுகிறது. நாளொன்றுக்கு 30,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் போகும் பாலம். வெயில் அடிக்கும் பக்கத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து காப்பியும் பியருமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு குழந்தைகளும் ஒரு நாயும் போனார்கள். கோட்டு சூட்டில் ஒருவர், கர்ப்பிணி ஒருவர், எழுபது தாண்டிய கிழவியர் இருவர் பேசிக்கொண்டே இணையாகப் போனார்கள்.

அவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. 1950களிலும் 60களிலும் இந்த ஊரையும் கார்தான் பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு தடை போட்டது, காலியான சாலைகளில் மக்கள் நடந்து பார்த்தார்கள், சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். அதன்பிறகு எழுபதுகளின் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு நகர மன்றச் சதுக்கத்தில் கூடிப் பாதை கேட்டுப் போராடினார்கள். கார் வாங்கினால் கட்ட வேண்டிய பதிவு வரி அங்கே காரின் விலையையே தாண்டிப் போகக்கூடியது. பாதை, வரி, சிக்னல், பனி பெய்தால் சைக்கிள் பாதையை முதலில் சுத்தம் செய்வது என்று ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். கேட்டு வாங்கியது என்று தெரிந்ததும் எனக்கு அந்த ஊர் இன்னும் பிடித்துப்போயிற்று. கேட்டால் கிடைக்கும் என்றால் நாமும் கேட்கலாமே.

வட்டக் கோபுரத்துக்குச் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்துதான் போனேன். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1637 முதல் 1642 வரை கட்டிய வானாய்வுக் கோபுரம். உள்ளே படிக்கட்டு கிடையாது, உச்சிக்குக் கொஞ்சம் முன்வரை செங்கல் பாவிய சரிவுப்பாதை. ஏழரைச் சுற்று, 209 மீட்டர். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஏறிக்கொண்டே இருந்தால் எத்தனையாவது மாடி என்பதே மறந்துபோகும். 1716இல் ரஷ்யாவின் பீட்டர் மன்னர் இதில் குதிரையிலேயே ஏறியதாகச் சொல்கிறார்கள். மேலே போனால் ஊர் முழுக்கச் செந்நிற ஓட்டுக் கூரை. தூரத்தில் காற்றாலைகள் கடலுக்குள் நின்று சுற்றிக்கொண்டிருந்தன.

நான்காம் கிறிஸ்டியன் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குப் பள்ளியில் எங்களைக் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

நீஹவ்ன் கால்வாயில் வண்ண வண்ண வீடுகள் இருக்கின்றன, கடற்கன்னி சிலை சிறியது. இரண்டையும் பார்த்தேன், படம் எடுத்தேன், கிளம்பினேன்.

சாயங்காலம் வெஸ்டர்ப்ரோ பக்கம் ஒரு தமிழ் மளிகைக் கடைக்குப் போனேன். விடுதியில் புளி தீர்ந்திருந்தது. கல்லாவில் அறுபதைத் தாண்டிய ஒருவர். நான் புளியையும் கறிவேப்பிலையையும் வைத்ததும் ஏறிட்டுப் பார்த்தார்.

“பிள்ளை எவடம்?”

“தமிழ்நாடு, ஐயா. மயிலாடுதுறைக்குப் பக்கத்துல, பொறையார்.”

“தரங்கம்பாடிக்குக் கிட்டவோ?”

எனக்கு ஆச்சரியம். டென்மார்க்கில் இருக்கிற தமிழனுக்குத் தரங்கம்பாடி தெரியாமல் இருக்குமா என்று சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். 1986இல் வந்தவர், ஹெர்னிங் பக்கம் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு மகளோடு இருக்கத் தலைநகருக்கு வந்திருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டி, “உதிலயே வந்தனீங்கள்?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லது. எங்கட ஊரில சைக்கிளோடத் தெரியாத ஆள் இல்லை. இஞ்ச வந்து முதல் வாங்கினதும் சைக்கிள்தான். குளிருக்க ஓடேக்க கண்ணில தண்ணி வரும், ஆரும் பார்த்தால் அழுறனெண்டு நினைப்பினம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், “அழுததும் உண்டுதான். நான் எண்பத்தாறில வந்தனான். மனிசியும் மகளும் தொண்ணூறிலதான் வந்தவை. கடுதாசி போட்டுப் போட்டுக் களைச்சுப்போனன்.”

ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டேன். “தமிழர் வழக்கு எண்டு தேடிப் பாருங்கோ” என்றார். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. மழைக்கு முன்னம் வீட்டுக்குப் போய்ச் சேருங்கோ என்று கதவு வரை வந்து சொன்னார்.

விடுதிக்கு வந்து ராத்திரி தேடிப் படித்தேன். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை வரவழைக்கப் போட்டிருந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். சட்டப்படி அவர்களுக்கு இருந்த உரிமை அது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் மனைவிகளும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்து, நீதி விசாரணை நடந்து, அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் பொல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. நின்-ஹான்சனுக்கு 1995இல் நான்கு மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. ஒரு நாட்டின் அரசு நம்மவர்களுக்கு இழைத்த அநீதிக்காகக் கவிழ்ந்திருக்கிறது, அதைப் பற்றி எனக்கு இருபத்திரண்டு வயது வரை தெரியாது. கல்லாவில் அவர் சில்லறை எண்ணிய கை நெடுநேரம் கண்ணிலேயே நின்றது.

ஞாயிறு காலை காற்று பலமாக இருந்தது. துறைமுகத்தின் தென்பக்கம் சைக்கிள் பாம்பு என்று ஒரு பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் சைக்கிளில் வந்தவர்கள் படிக்கட்டில் வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமாம். இப்போது நீருக்கு மேலே மாடி உயரத்தில் ஆரஞ்சு நிறத் தரையோடு வளைந்து வளைந்து போகும் 200 மீட்டருக்கு மேற்பட்ட பாதை, சைக்கிளுக்கு மட்டும். டேனிஷில் பாம்புக்கும் குழாய்க்கும் ஒரே சொல். அதனால் பாலத்தின் பெயரும் சைக்கிள் ட்யூப்பின் பெயரும் ஒன்றேதான். மிதிக்க வேண்டியதே இல்லை, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால் போதும். கீழே தண்ணீர், பக்கவாட்டில் அடுக்குமாடி வீடுகளின் பால்கனி. இறங்கி முடித்ததும் வண்டியைத் திருப்பி மறுபடி ஏறி மறுபடி இறங்கினேன். மூன்றாம் முறை எதிரே வந்த சிறுவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

அக்கரைக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டியே வடக்கே போனால் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன். நான்காம் கிறிஸ்டியன் 1600களின் தொடக்கத்தில் உருவாக்கிய பகுதி, அவர் பெயரிலேயே. மீட்பர் தேவாலயத்தின் கூம்பில் திருகுபோலப் படிக்கட்டு வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. மொத்தம் 400 படி, கடைசி 150 வெட்டவெளியில். மேலே போகப் போகப் படி குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கால் வைக்க மட்டும்தான் இடம். காற்றில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது, எதிர்க்கரையில் நான்கு டிராகன்கள் வாலைப் பின்னிக்கொண்டு நிற்கும் கூம்பும் தெரிந்தது. போர்ஸன், பழைய வணிகச் சந்தைக் கட்டடம். ஒரு பக்கம் சாரம் கட்டிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்து ஆசியாடிஸ்க் பிளாஸுக்குப் போனேன். ஆசியச் சதுக்கம் என்று அர்த்தம். 1732இல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. சீனாவின் கான்டனுக்கும் தரங்கம்பாடிக்கும் கப்பல்கள் இந்தத் துறையிலிருந்து போயிருக்கின்றன. அப்போதைய கிடங்கு ஒன்று இன்னமும் நிற்கிறது, 1750இல் கட்டியது. இப்போது அந்த இடம் வெளியுறவு அமைச்சகத்துடையது. கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. பாவுகல்லில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், கிடங்குச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நம் பக்கத்துத் துணியும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வந்து இறங்கிய கரை. மூட்டைகளோடு ஓர் உப்பு வாசமும் வந்திருக்கும், எங்கள் ஊர்க் கடலின் வாசம்.

அன்று அமாகர் கடற்கரைக்கும் போவதாக இருந்தேன். போகவில்லை. பாலத்தைத் தாண்டி நேராக அரண்மனைத் தீவுக்குப் போனேன், ஏனென்றால் இரண்டு நாளாக மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

1618இல் ஒவே கெட்டே என்ற இருபதுகளில் இருந்த இளைஞனின் தலைமையில் நான்காம் கிறிஸ்டியனின் கப்பல்கள் இந்த ஊரிலிருந்து கிளம்பின. போய்ச் சேரவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது, வழியில் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இலங்கையில் போட்ட கணக்கு பலிக்காமல், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் வந்து தரங்கம்பாடியில் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார்கள். அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதியனுப்பிய மடல், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ் கடல்கடந்த வணிகக் கம்பெனிகளின் ஆவணங்களை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்த்திருக்கிறது. பள்ளியில் இதைக் கேட்டபோது, அது எங்கோ கடலுக்கு அப்பால் என்பதோடு விட்டுவிட்டேன். இப்போது நான் கடலுக்கு அப்பால் இருந்தேன், என்னிடம் சைக்கிளும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்பகம் திறக்காது என்று தெரியும். திறந்திருந்தாலும் தங்க ஓலையை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட மாட்டார்கள். ஆனாலும் போனேன். காப்பகத்தின் பழைய கட்டடத்தை ஒட்டி அரச நூலகத் தோட்டம் இருக்கிறது, ஒரு சின்ன வளைவு வாசல் வழியாக நுழைய வேண்டும். வெளியே சுற்றுலாக் கூட்டம் இரைகிறது, உள்ளே வந்தால் நீரூற்றின் சத்தம் மட்டும்தான். நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் இது தோட்டம் இல்லை, போர்க்கப்பல்கள் நிற்கும் துறை. அப்புறம்தான் தூர்த்திருக்கிறார்கள். சுற்றியுள்ள பழைய சுவரில் கப்பல் கட்டும் இரும்பு வளையம் இன்னமும் இருக்கிறது. கல்லில் பதித்த ஆணியிலிருந்து தொங்கும் தடித்த வளையம், மேல்பாதி தேய்ந்து மெலிந்திருக்கிறது, கீழே சுவரில் துருவின் நீண்ட கறை. அதற்குக் கீழே இப்போது பூச்செடிப் பாத்தி. மாலுமிகள் கயிறு கோத்த இடத்தில் ஒரு தேனீ சுற்றிக்கொண்டிருந்தது.

கையில் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம், அம்மா வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். வளையத்தைக் காட்டினேன், கட்டடத்தைக் காட்டினேன்.

“நம்ம நாயக்கர் எழுதின கடுதாசி இவங்ககிட்டதாம்மா இருக்கு.”

“தமிழ்லயா எழுதினாரு?”

“தமிழ்லதான். தங்கத்துல.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “நானூறு வருசமா பத்திரமா வச்சிருக்காங்களே” என்றார். பிறகு, “காதுல துணி கட்டிக்கிட்டு ஓட்டு, காத்து அடிக்குது பாரு.”

1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 225 வருட உறவு. அதன்பின் ஏறக்குறைய நூற்று நாற்பது வருடம் கழித்து நம்மவர்கள் அகதிகளாக வந்து இதே தீவின் கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள். கிறிஸ்டியன்ஸ்போர் அரண்மனையில்தான் நாடாளுமன்றம், தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். நம் எழுத்துள்ள தகட்டைக் காத்து வைத்த அதே நாட்டில்தான் நம் மனிதர்களின் விண்ணப்பங்கள் கிடப்பில் போடப்பட்டன. மளிகைக் கடைக்காரர் போட்ட கடிதங்களும் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கத்தான் வேண்டும். எனக்கு அந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை.

திரும்பும்போது தூறல். லூயீஸ் அரசி பாலத்துக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. முன்னால் போகும் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள் ஈரச் சாலையில் நீளமாக விழுந்துகிடந்தன. என் காந்த விளக்கும் விட்டு விட்டு எரிந்துகொண்டு வந்தது.

ஜனவரியில் ஊர் திரும்பினேன். சைக்கிளைப் புதிதாக வந்த கென்ய மாணவிக்குக் கொடுத்தேன். 700 குரோனரை வாங்கவில்லை, பின்னால் மிதிப்பதையும் இடது பக்கம் திரும்புவதையும் சொல்லிக்கொடுத்து, என் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன்.

2024 ஏப்ரல் 16 அன்று போர்ஸன் பற்றியெரிந்தது. பொறையாரில் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். டிராகன் வால்கள் பின்னிய கூம்பு நெருப்புக்குள் சாய்ந்து விழுந்தது. கட்டடத்தின் உள்ளே இருந்த பெரிய ஓவியங்களை ஊழியர்களும் வழியில் போனவர்களும் சேர்ந்து தோளில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். நான் பார்த்த கூம்பு இனி அந்த இடத்தில் இல்லை. மறுபடி கட்டுகிறார்கள்.

அடுத்த நாள் கொல்லையில் கிடந்த என் பள்ளிக்கூடச் சைக்கிளை வெளியே எடுத்தேன். இரண்டு டயரும் வெடித்திருந்தன, செயின் துருவேறி ஒரே கட்டையாகியிருந்தது. சைக்கிள் கடை அண்ணன் பழைய ரிம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இத ஓட்டப்போறியாம்மா, இல்ல எடைக்குப் போடப்போறியா?” என்று கேட்டார். ஓட்டப்போகிறேன் என்றேன். டயர், ட்யூப், செயின் மாற்றி, பெல்லுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

தரங்கம்பாடிக்குக் கிளம்பினேன். 1792 என்று எழுதிய நகர வாசல் வழியாகக் கோட்டை வரை போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு வருவதாக எண்ணம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்ப வேண்டிய இடம் வந்தது. கையைத் தூக்கிக் காட்டி, ஓரம் கட்டி, இறங்கி நின்றேன். இரண்டு பஸ், ஒரு மீன் லாரி போயின. அதன்பிறகும் நின்றேன். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“ஏன் பாப்பா நிக்கிற? வண்டி ஒண்ணும் வரல, போ.”

இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு கடந்தேன்.